குழித்தட்டுத் தக்காளி நாற்றுக்கு நீரும் ஊட்டமும்

ஒட்டன்சத்திரம் சந்தையை நம்பித் தக்காளி பயிரிடும் உழவர் அன்பர்களில் பலர் இன்று வீரிய ஒட்டு விதைகளை வாங்கிக் குழித்தட்டுகளில் தாங்களே நாற்று வளர்க்கின்றனர். எக்டருக்கு 100 கிராம் விதை போதும். ஆனால் அந்த 100 கிராமின் விலை அதிகமாதலால், நாற்றங்காலில் சாகும் ஒவ்வொரு நாற்றும் கைப்பணம் போவதாகும். நாற்றுகள் சாவதற்குப் பூச்சி, நோயைக் காட்டிலும் நீர் ஊற்றும் முறையே பெரும்பாலும் காரணமாக உள்ளது.

எக்டருக்கு 98 குழிகள் கொண்ட தட்டுகள் 238 தேவைப்படும். ஏக்கர் கணக்கில் நூற்றுக்குச் சற்றுக் குறைவு. ஒரு தட்டை நிரப்பச் சுமார் 1.2 கிலோ தென்னை நார்க் கழிவு வேண்டும். தொற்று நீக்கிய நார்க் கழிவு 300 கிலோவுடன் வேப்பம் பிண்ணாக்கு 5 கிலோ, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா வகைக்கு 1 கிலோ கலந்து கொள்ள வேண்டும். குழிக்கு ஒரு விதை இட்டு மூடி, தட்டுகளை எட்டு அல்லது பத்தாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் போர்த்தி வைத்தால் ஐந்து நாளில் முளைவிடும். ஆறாம் நாள் நிழல்வலைக் குடிலுக்குள் பிரித்து வைத்து விட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் வெளிச்சமின்றித் தண்டு நூலாக நீண்டுவிடும்; பிறகு அதனைத் திருத்த இயலாது. குளிர் நாடுகளில் வீட்டினுள் மின்விளக்கின் கீழ்த் தக்காளி நாற்று வளர்ப்போர்க்கும் இதே தொல்லைதான். நமக்கோ வெயில் இலவசம்; 50 சதவீத நிழலுக்கு மேற்பட்ட அடர்ந்த வலையைக் கட்டி அதனைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வயலில் நிற்கும் செடி நீரைத் தேடி வேரை ஆழமாகச் செலுத்தும். குழித்தட்டு நாற்றுக்கு நாலு சென்டிமீட்டர் அளவு ஆழமே உலகம். தென்னை நார்க் கழிவு தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் நீரைப் பிடித்து வைக்கும் தன்மையுடையது. குழி ஆழமற்றதாதலால், அடியில் துளை இருந்தும் நீர் முழுவதும் வடிவதில்லை. மேற்பகுதி காய்ந்து வெளுத்திருக்க, அடிப்பகுதி சொதசொதவென்று இருக்கும். மேலே பார்த்து மட்டும் நீர் ஊற்றினால் வேருக்குக் காற்றின்றி நாற்றழுகல் நோய் புகும். எனவே தட்டைத் தூக்கிப் பாருங்கள். நன்கு நனைந்த தட்டின் கனமும், காய்ந்த தட்டின் கனமும் இரண்டு நாளில் கைக்குப் பழகிவிடும். ஐயமிருந்தால் ஒரு குழியிலிருந்து சிறிது நார்க் கழிவை எடுத்து விரல்களால் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் ஈரம் போதுமானது.

நீரைப் பூவாளியால் காலை வேளையில், அடித்துளையில் சொட்டும் வரை ஊற்ற வேண்டும். கோடையில் பிற்பகலில் மறுமுறை தேவைப்படலாம். ஆனால் இருட்டுவதற்குள் இலை உலர்ந்துவிட வேண்டும். குடிலின் ஓரத்துத் தட்டுகள் காற்றுப்பட்டு முதலில் காயும். அவற்றிற்குத் தனியே ஒரு சுற்று ஊற்றுங்கள். அவற்றுக்காக நடுத்தட்டுகளையும் நனைக்காதீர்கள். தட்டுகளை வெறும் மண்ணில் வைத்தால் வேர் துளை வழியே மண்ணிலிறங்கி, எடுக்கும்போது அறுந்துவிடும். அடியில் பாலித்தீன் தாள் விரிப்பது நல்லது. கழிகளின் மேல் தூக்கி வைப்பது அதைவிட நல்லது.

திண்டுக்கல் சமவெளியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல கிணறுகளின் நீர் கடினமானது. தோல் பதனிடும் தொழில் நடந்த பகுதிகளைச் சுற்றி உப்பும் மிகுதி. பாசன நீரின் மின்கடத்துதிறன் 1.7 டெசிசைமன் அளவைத் தாண்டினால் வளர்ந்த தக்காளியே விளைச்சலில் குறையத் தொடங்கும். இளநாற்று அதனினும் மென்மையானது. மட்கவைக்காத நார்க் கழிவிலும் உப்பு உண்டு. இரண்டும் சேர்ந்தால் இலை ஓரம் கருகும். அதனை வறட்சி என்று எண்ணி அதே நீரை அடிக்கடி சிறிது சிறிதாகத் தெளிப்பதால் உப்பு மேலும் சேருகிறதேயொழிய, கழுவப்படுவதில்லை. நார்க் கழிவை நிரப்புமுன் நல்ல நீரில் இருமுறை அலசுங்கள். கிணற்று நீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து ஆய்வு செய்யுங்கள். உப்பு மிகுந்திருப்பின், தொட்டியில் சேமித்த மழைநீரைச் சரிபாதி கலந்து நாற்றுக்கு மட்டுமாவது பயன்படுத்தலாம். ஏக்கருக்கான நாற்றுக்கு ஆகும் நீர் அதிகமன்று.

ஊட்டத்தைப் பொறுத்தவரை, முதல் இரு வாரத்திற்கு எதுவும் தேவையில்லை. விதைத்த 18ஆம் நாள் 19:19:19 என்னும் நீரில் கரையும் உரத்தை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து வேர்ப்பகுதி நனைய ஊற்ற வேண்டும். இக்கரைசலும் ஓர் உப்புக் கரைசலே என்பதை மறவாதீர்கள். காய்ந்த தட்டில் ஊற்றலாகாது. ஊற்றியபின் இலைகளை வெறும் நீரால் லேசாகக் கழுவுங்கள். நீர் உப்பாக உள்ள இடங்களில் 2.5 கிராம் வீதம் இரண்டு முறையாகப் பிரித்துக் கொடுப்பதே என் விருப்பம். அடியிலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு என்று கொள்ளலாம். இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருப்பின் கடின நீரால் இரும்புச் சத்துக் கிடைக்கவில்லை என்று பொருள். அதற்கு மேலும் 19:19:19 ஊற்றிப் பயனில்லை. பச்சை பளபளக்க வேண்டுமென்று யூரியா தெளிப்போரும் உளர். அந்நாற்று பார்க்க அழகாயிருக்கும். நட்ட மறுநாள் வெயிலில் துவண்டு விழும்.

25ஆம் நாள் நாற்று நடவுக்கு ஆயத்தமாகும். அதற்கு நாலைந்து நாள் முன்பிருந்தே நீரைச் சிறிது குறைத்து, வலையை விலக்கி வெயில் காட்டிக் கடினப்படுத்த வேண்டும். இலைச்சுருள் நச்சுயிரியைப் பரப்பும் வெள்ளை ஈ நுழையாதபடி பக்கவாட்டுப் பூச்சி வலையை மட்டும் இறுதிவரை அகற்றாதீர்கள். நடவன்று காலையில் தட்டுகளை நன்கு நனைத்துவிட்டால் நாற்று வேர்க்கட்டி உடையாமல் குழியிலிருந்து முழுதாக வெளிவரும்.

சொந்தமாக வளர்க்க இடமும் நேரமும் இல்லாதவர்கள், ரெட்டியார்சத்திரத்தில் உள்ள காய்கறி மகத்துவ மையத்தில் குழித்தட்டு நாற்றுகள் வளர்க்கப்படுவதை ஒருமுறை நேரில் காணலாம். எங்கு வாங்கினாலும் ஒரு நாற்றை உருவிப் பாருங்கள். வேர் வெள்ளையாக நார்க் கழிவைச் சுற்றிப் பின்னியிருந்தால் வாங்கலாம். பழுப்பேறி அடியில் அழுகியிருந்தால், இலை எவ்வளவு பசுமையாயினும் வேண்டாம்.