நுகர்புலனும் உயிரினங்களின் வாழ்வும்

ஐம்புலன்களுள் மனிதன் மிகக் குறைவாக மதிப்பது நுகர்புலனையே. பார்வையையோ செவிப்புலனையோ இழந்தோருக்காக இரங்கும் நாம், மணமறியும் ஆற்றலை இழந்தவரைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் உயிரினங்கள் பலவும் உணவையும் பகையையும் உறவையும் மணத்தாலேயே அறிகின்றன.

பஸ்ராவின் பேரறிஞர் அல்ஜாஹிழ் (மறைவு ஹிஜ்ரி 255, கி.பி. 868-69) தம் 'கிதாபுல் ஹயவான்' நூலில் எறும்பின் மோப்பத்தை வியந்து எழுதியுள்ளார். கீழே விழுந்த வெட்டுக்கிளியின் காலை, மனித மூக்குக்கு எட்டாத அதன் மணத்தைக் கொண்டே எறும்பு தேடி வருகிறது. தனியே இழுக்க இயலாவிடில் திரும்பிச் சென்று துணைகளை அழைத்து வருகிறது.

அவ்வழைப்பு எத்தகையது என்பது விளங்க ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. தீ எறும்பின் வயிற்றிலுள்ள சுரப்பி ஒன்றே தரையில் மணத்தடம் இடுகிறது என 1959இல் எட்வர்டு வில்சன் காட்டினார். இத்தகைய பொருள்களுக்குப் 'பெரோமோன்' என்னும் பெயர் வழங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். உணவுடன் மீளும் ஒவ்வோர் எறும்பும் தடத்தை வலுப்படுத்தும். உணவு தீர்ந்தபின் எவையும் தடமிடா. மணம் ஆவியாகி, வழியும் மறைந்துவிடும். ஆணையிடுவார் எவருமின்றியே ஒழுங்கு நிலவுகிறது.

இவ்வொழுங்கு அனைத்தும் ஒரு நம்பிக்கையின்மீது நிற்கிறது: மணம் பொய்யுரைக்காது. அந்நம்பிக்கை இன்று கடலில் குலைகிறது. நுண்பாசிகள் உண்ணப்படும்போது டைமெத்தில் சல்பைடு என்னும் வாயு வெளிப்படுகிறது. கடற்பறவைகள் சில அதனை இரையின் அடையாளமாகக் கொள்கின்றன. கடலில் மிதக்கும் நெகிழியின்மேல் பாசியும் நுண்ணுயிரும் படியும்போது அதுவும் இரையைப் போலவே மணக்கத் தொடங்குகிறது. பெருந்தலைக் கடலாமைகளைக் கொண்டு நடத்தப்பெற்று 2020இல் வெளியான ஆய்வில், தூய நெகிழியின் மணத்தை அவை பொருட்படுத்தவில்லை. பாசி படிந்த நெகிழியின் மணத்திற்கோ உணவின் மணத்திற்கு இணையாக மூக்கை நீருக்கு மேல் உயர்த்தி மோந்தன.

சென்னைக் கடற்கரையில் ஆண்டின் முதல் மாதங்களில் முட்டையிட வரும் பங்குனி ஆமையும் இதே ஏமாற்றத்திற்கு உள்ளாகலாம் என அஞ்ச இடமுண்டு. மூலக்கொத்தளத்தை அடுத்தோடும் பக்கிங்காம் கால்வாயில் நாம் எறியும் பை, எண்ணூர் முகத்துவாரம் வழியாகவோ கூவத்தின் வழியாகவோ கடலை அடையக்கூடும்.

தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றுவதை மனிதரின் கைகளோடு தொடர்புபடுத்தும் அர்ரூம் அத்தியாயத்தின் 41ஆம் வசனத்தை நாம் அடிக்கடி ஓதுகிறோம். வாயற்ற உயிர்களுக்கு இறைவன் அருளிய வழிகாட்டியைப் பொய்யாக்குவதும் அச்சீர்கேட்டில் அடங்குமன்றோ?