எண்வகை எண்ணங்கள் (கிறித்தவ ஆன்மிகம்)

எண்வகை எண்ணங்கள் என்பது, மனிதரைக் கடவுளிடமிருந்து விலக்கும் சோதனைகளை எட்டாக வகுத்துக் கூறும் கிறித்தவ மரபுப் பட்டியல் ஆகும். கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தின் பாலைநிலத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் (சுமார் 345–399) என்னும் துறவி இதை எழுத்தில் வடித்தார். பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், சினம், மனச்சோர்வு, வீண்புகழ், செருக்கு ஆகியவை அந்த எட்டு. மறைக்கல்வி வகுப்புகளில் கற்பிக்கப்படும் "தலையான பாவங்கள் ஏழு" என்னும் பட்டியல் இதிலிருந்து வளர்ந்ததே. ஆனால் எவாகிரியுஸ் இவற்றைப் பாவங்கள் என்று அழைக்கவில்லை. எண்ணங்கள் என்றே அழைத்தார். அவருடைய போதனையின் மையம் இந்தச் சொல்லில்தான் உள்ளது.

சோதனையும் பாவமும்

புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் "பெய்ராஸ்மோஸ்" என்ற ஒரே சொல் இரண்டு பொருளைத் தரும். ஒருவரின் உறுதியை அறியும் தேர்வு என்பது ஒன்று; தவறான வழிக்கு இழுக்கும் தூண்டுதல் என்பது மற்றொன்று. தமிழ் விவிலியத்தில் வரும் "சோதனை" என்ற சொல்லும் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்கிறது.

இயேசு பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்தபின் மூன்று முறை சோதிக்கப்பட்டதை மத்தேயு, லூக்கா நற்செய்திகளின் 4ஆம் அதிகாரங்கள் கூறுகின்றன. கற்களை அப்பமாக்குவது, கோவிலின் உச்சியிலிருந்து குதிப்பது, உலக அரசுகளைப் பெறுவதற்காக அலகையை வணங்குவது என்பவை அம்மூன்று. ஒவ்வொன்றுக்கும் இயேசு இணைச்சட்ட நூலிலிருந்து (உபாகமம்) ஒரு சொல்லை எடுத்து விடையளித்தார். அவர் எல்லா வகையிலும் சோதிக்கப்பட்டும் பாவம் செய்யாதவர் என்று எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் (4:15) கூறுகிறது. எனவே சோதனைக்கு உள்ளாவது வேறு, பாவம் செய்வது வேறு.

யாக்கோபின் திருமுகம் (1:14–15) இதைப் படிப்படியாக விளக்குகிறது. முதலில் ஆசை இழுக்கிறது. பின்னர் அது கருவுற்றுப் பாவத்தைப் பெறுகிறது. பாவம் முதிர்ந்து சாவில் முடிகிறது. எவாகிரியுஸ் கவனம் செலுத்தியது இந்த முதல் படியில்தான். "பிராக்திகோஸ்" என்னும் நூலில் அவர் கூறும் கருத்து இது: எண்ணங்கள் வந்து தொல்லை செய்வதைத் தடுப்பது நம் கையில் இல்லை, அவை உள்ளே தங்குமா, உணர்ச்சிகளைக் கிளறிவிடுமா என்பது நம் கையில் உள்ளது.

இந்த வேறுபாட்டை அறியாதவர் இரு விதமாக இடறலாம். தீய எண்ணம் ஒன்று மனத்தில் தோன்றிய உடனேயே தாம் விழுந்துவிட்டதாகக் கருதி, போராடுவதையே கைவிடலாம். அல்லது, செயலில் இறங்காதவரை ஆபத்தில்லை என்று எண்ணி அதை மனத்தில் வளரவிடலாம்.

எவாகிரியுஸின் வாழ்க்கை

இவர் கருங்கடலின் தென்பகுதியில் உள்ள பொந்து நாட்டில் பிறந்தவர். புனித பெரிய பசிலியார் இவரை வாசகராக ஏற்படுத்தினார். நசியான்சு கிரகோரியார் திருத்தொண்டராகத் திருநிலைப்படுத்தினார். தலைநகரான கான்ஸ்தாந்தினோபிளில் சிறந்த பேச்சாளராகப் பெயர் பெற்றிருந்த காலத்தில், மணமான உயர்குடிப் பெண் ஒருவர்மீது காதல் கொண்டார். ஒரு கனவில் நகரைவிட்டு நீங்குவதாக ஆணையிட்டுக் கொடுத்ததாகவும், விழித்ததும் கப்பலேறி எருசலேமுக்குச் சென்றதாகவும் அவருடைய மாணவர் பல்லாதியுஸ் எழுதியுள்ளார்.

இடம் மாறியதால் சோதனை நீங்கவில்லை. எருசலேமில் பழைய பகட்டு வாழ்க்கை மீண்டும் அவரைப் பற்றியது. பின்னர் நீண்ட காய்ச்சலில் படுத்தார். அவரைப் பராமரித்த மெலானியா என்னும் துறவுப் பெண்மணியிடம் மனம் திறந்து பேசிய பிறகே துறவு வாழ்வை ஏற்றார். எகிப்தின் நைட்டிரியாவில் இரண்டு ஆண்டுகளும், அதன் அருகிலுள்ள கெல்லியாவில் இறக்கும் வரையும் வாழ்ந்தார். நூல்களைப் படியெடுத்துக் கொடுப்பது அவருடைய பிழைப்பு.

எண்ணங்கள் வரும் வேடம்

தீய எண்ணம் பெரும்பாலும் தன் சொந்த முகத்துடன் வருவதில்லை என்பது எவாகிரியுஸின் முக்கியமான கவனிப்பு. அவர் தரும் விளக்கங்களுள் சில:

பெருந்தீனி, உடல்நலக் கவலையாக வருகிறது. நோன்பினால் வயிறும் ஈரலும் கெடும், நோய் வந்தால் மருத்துவர் கிடைக்கமாட்டார் என்று அது அச்சுறுத்தும்.

பொருளாசை, முன்யோசனையாக வருகிறது. நீண்ட முதுமை, உழைக்க இயலாத கைகள், வரப்போகும் பஞ்சம், பிறரிடம் கையேந்தும் வெட்கம் ஆகியவற்றை அது படம்பிடித்துக் காட்டும்.

வீண்புகழ், இறைப்பணியாக வருகிறது. நோயாளிகள் குணமடைவதாகவும், மக்கள் தன் ஆடையைத் தொட நெருக்குவதாகவும் துறவி கற்பனை செய்யத் தொடங்குவார்.

மனச்சோர்வு ("அகேதியா") எட்டிலும் மிகக் கடுமையானது என்கிறார் எவாகிரியுஸ். இது காலை 10 மணி அளவில் தொடங்கிப் பிற்பகல் 2 மணி வரை நீடிக்கும். கதிரவன் நகரவில்லை என்றும், பகலுக்கு ஐம்பது மணி நேரம் என்றும் தோன்றும். உணவு நேரம் நெருங்கிவிட்டதா, யாராவது பார்க்க வருகிறார்களா என்று துறவி வாசலையே நோக்குவார். பிறகு இருக்கும் இடமும் செய்யும் வேலையும் வெறுத்துப்போகும். வேறு இடத்தில் எல்லாம் எளிதாக இருக்கும் என்று தோன்றும். இது வெறும் சோம்பல் அன்று. இதற்கு ஆளானவர் ஓடியாடி நோயாளிகளைப் பார்க்கச் செல்லவும் கூடும். ஆனால் அங்கே அவர் நிறைவேற்றிக்கொள்வது தம் சொந்த விருப்பத்தையே.

எதிர்கொள்ளும் முறைகள்

முதலாவது, கவனித்தல். எந்த எண்ணம் எப்போது வருகிறது, எது எதைத் தொடர்ந்து வருகிறது, எப்போது தணிகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பெயர் தெரிந்த எண்ணத்தை அடையாளம் காண்பது எளிது.

இரண்டாவது, எதிர்த்துப் பேசுதல். பாலைநிலத்தில் இயேசு விடையளித்த முறையைப் பின்பற்றி, "அந்திரெத்திகோஸ்" என்னும் நூலை எவாகிரியுஸ் தொகுத்தார். எட்டு எண்ணங்களுக்கும் எட்டுப் பகுதிகள் உண்டு. ஒவ்வொரு பதிவிலும் ஒரு குறிப்பிட்ட சோதனையும் அதற்கு விடையாகச் சொல்லவேண்டிய விவிலியச் சொற்களும் உள்ளன. எண்ணத்தோடு நீண்ட வாதத்தில் இறங்காமல், குறுகிய விடையால் அதை முறிப்பதே நோக்கம்.

மூன்றாவது, அளவான பயிற்சி. அலையும் மனத்தை வாசிப்பும் விழிப்பும் இறைவேண்டலும் நிலைநிறுத்தும். ஆசையைப் பசியும் உழைப்பும் தனிமையும் தணிக்கும். சினத்தைத் திருப்பாடல்களும் பொறுமையும் இரக்கமும் அடக்கும். இவை உரிய காலத்தில், உரிய அளவில் செய்யப்பட வேண்டும். அளவு மீறியது நீடிக்காது, பயனைவிடத் தீமையே தரும் என்றும் அவர் எச்சரிக்கிறார்.

நான்காவது, நிலைத்திருத்தல். சோதனை வேளையில் அறையைவிட்டு ஓடக் கூடாது. ஓடிப் பழகினால் மனம் கோழையாகிவிடும் என்பது அவர் கருத்து. ஊரைவிட்டு ஓடியும் சோதனையிலிருந்து தப்பாத ஒருவர் கூறிய அறிவுரை இது.

எட்டு ஏழானது

எவாகிரியுஸின் வழியில் வந்த யோவான் கசியன், 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பட்டியலை இலத்தீன் மொழிக்குக் கொண்டுசென்றார். 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை முதலாம் கிரகோரி இதைத் திருத்தியமைத்தார். செருக்கை எல்லாவற்றுக்கும் வேராக வைத்து, பொறாமையைச் சேர்த்து, மனச்சோர்வைத் துயரத்துடன் இணைத்தார். பின்னாளில் வீண்புகழ் செருக்கில் அடங்கியது. துயரத்தின் இடத்தைச் சோம்பல் பிடித்தது. இவ்வாறு இன்றைய ஏழு உருவாயின.

இதற்கிடையில், ஓரிகனின் கருத்துகள் தொடர்பான சர்ச்சையில், 553இல் கூடிய இரண்டாம் கான்ஸ்தாந்தினோபிள் பொதுச்சங்கக் காலத்தில் எவாகிரியுஸும் கண்டிக்கப்பட்டார். அவருடைய நூல்கள் சில வேறொருவர் பெயரிலும், சில சிரிய, அர்மீனிய மொழிபெயர்ப்புகளிலும் மட்டுமே பிழைத்தன.

பெயர் மறைந்தாலும் பட்டியல் வாழ்ந்தது. எனினும் எண்ணங்களின் பட்டியல் பாவங்களின் பட்டியலாக மாறியபோது அதன் பயன்பாடும் மாறியது. ஏழு பாவங்கள் என்பது, நடந்து முடிந்ததை ஆராய்ந்து பார்க்க உதவும் பட்டியல். எட்டு எண்ணங்கள் என்பது, எதுவும் நடப்பதற்கு முன்பே வாசலில் நிற்பது யார் என்று கேட்க உதவும் பட்டியல். தவக்காலத்தில் தம்மைத் தாமே ஆராய்ந்து பார்ப்போருக்கு இரண்டும் தேவைப்படும்.