ரேஷன் பாமாயில்: சாப்பிடலாமா, கூடாதா?

தமிழக ரேஷன் கடைகளில் ஒரு லிட்டர் பாமாயிலை 25 ரூபாய்க்கு வாங்கி வருகிறோம். எண்ணெய் விற்கும் விலையில் இது ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய உதவி. ஆனால், "பாமாயில் சாப்பிட்டால் மாரடைப்பு வரும்" என்கிறார் ஒருவர். "பாக்கெட்டிலேயே கொலஸ்ட்ரால் இல்லை என்று போட்டிருக்கிறதே" என்கிறார் மற்றொருவர். எதை நம்புவது?

பாக்கெட்டில் இருப்பது பொய்யில்லை. தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது எனலாம். ஆனால் நம் உடலில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைத் தயாரிப்பது நம் கல்லீரல்தான். நிறைவுற்ற கொழுப்பை அதிகம் சாப்பிடும்போது, கெட்ட கொலஸ்ட்ராலை இரத்தத்திலிருந்து நீக்கும் கல்லீரலின் திறன் குறைகிறது. அது இரத்தக் குழாய்களில் படிந்து அடைப்பை உண்டாக்குகிறது.

பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்புதான். கடலை எண்ணெயில் இது ஐந்தில் ஒரு பங்குக்குள், நல்லெண்ணெயில் அதைவிடவும் குறைவு. தேங்காய் எண்ணெயிலோ 80 சதவீதத்துக்கும் மேல். ஆகவே பாமாயிலை மட்டும் விஷம் என்று ஒதுக்குவதும் சரியல்ல.

அளவுதான் முக்கியம். நம் உணவின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வரக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது சுமார் 22 கிராம். மூன்று மேசைக்கரண்டி பாமாயிலிலேயே ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். பால், நெய், இறைச்சிக் கொழுப்பு எல்லாம் அதற்கு மேல்தான். பிஸ்கட், மிக்சர், பரோட்டா வழியாக நமக்குத் தெரியாமலேயே உள்ளே போகும் பாமாயிலும் உண்டு.

நாம் செய்யக்கூடியவை இவை:

* பாமாயிலைத் தாளிக்க அளவோடு பயன்படுத்துவோம். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் என்று மாற்றி மாற்றியும் சமைப்போம்.
* வடை, சமோசா பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம். எந்த எண்ணெயானாலும், காய்ச்சக் காய்ச்சத் தீங்கான பொருட்கள் சேர்கின்றன.
* பாக்கெட் உணவுகளில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்ற வரியோடு நின்றுவிடாமல், நிறைவுற்ற கொழுப்பு எத்தனை கிராம் என்று பார்த்து வாங்குவோம்.
* இதய நோய், சர்க்கரை நோய் உள்ளவர்கள் எண்ணெயின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தாராளமாக ஊற்றினால், எண்ணெயில் மிச்சம் பிடித்த காசு மருத்துவமனைக்குத்தான் போகும்.