காலையில் கத்தினால் மாலையில் ஊசி

சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். பருவத்துக்கு வந்த மாடு காலையில் கத்தினால் அன்று மாலை சினை ஊசி. மாலையில் கத்தினால் மறுநாள் காலை. வழும்பு ஒழுகுவதைப் பார்த்ததுமே அவசரமாகக் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போனால், "சாயங்காலம் கொண்டாங்க அண்ணாச்சி" என்ற பதில்தான் வரும்.

1940களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிரிம்பர்கர் என்ற ஆய்வாளர் மாடுகளைக் கவனித்து வகுத்த கணக்கு இது. காத்திருப்பதற்குப் பாதிக் காரணம் முட்டை. கத்தலெல்லாம் அடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆன பிறகுதான் அது சினைப்பையிலிருந்து வெளிவருகிறது. வந்த பின் அதன் ஆயுள் சில மணி நேரம்தான். மீதிக் காரணம் விந்தணுவிடம் இருக்கிறது. என்னைக் கேட்டால் கதையே அங்குதான்.

காளையிடமிருந்து வரும் விந்தணு நன்றாக நீந்தும். ஆனால் அப்போதே முட்டையின் பக்கத்தில் கொண்டுபோய் விட்டாலும் அதனால் ஒன்றும் ஆகாது. 1951இல் அமெரிக்காவில் எம்.சி. சாங்கும் ஆஸ்திரேலியாவில் காலின் ஆஸ்டினும் தனித்தனியே இதைக் கண்டார்கள். முயலிலும் எலியிலும் பார்த்தபோது, பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்த விந்தணுவுக்கே முட்டைக்குள் நுழையும் திறன் வந்திருந்தது. கண்ணாடித் தட்டில் கருத்தரிக்க வைக்க அதுவரை நடந்த முயற்சிகள் பலவும் ஏன் சரிவரவில்லை என்பது அப்போது புரிந்தது.

அந்தச் சில மணி நேரத்தில் என்ன நடக்கிறது? விந்துத் திரவத்திலிருந்து வந்து விந்தணுவின் மேல் படிந்திருந்த புரதங்கள் கழல்கின்றன. சவ்விலிருந்து கொலஸ்ட்ரால் வெளியேற, சவ்வு இளகுகிறது. பைகார்பனேட்டும் கால்சியமும் உள்ளே புகுகின்றன. பசுவின் கருக்குழாயில் ஒரு குறுகலான பகுதி உண்டு. விந்தணுக்கள் அங்கே தலையைச் சுவரில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கால்சியம் ஏறியதும், அதுவரை சீராக அசைந்த வால் ஒரு பக்கமாகச் சாட்டை வீச்சாக வீசத் தொடங்கும். அந்த உதறலில் சுவரிலிருந்து விடுபடும். இந்தக் கால்சியத்துக்கு வழிவிடும் கேட்ஸ்பெர் என்ற வாயிலை 2001இல் கண்டுபிடித்தார்கள். அது இல்லாத ஆண் சுண்டெலிக்குக் குட்டி பிறப்பதில்லை.

இப்படித் தயாரான விந்தணு அதிக நேரம் உயிரோடு இராது. எல்லாம் ஒன்றாகத் தயாராகிவிட்டால் முட்டை வருவதற்குள் எல்லாமே செத்துப்போகும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, தவணை முறையில் தயாராகின்றன.

முட்டையை நெருங்கும் வேளையில் விந்தணுவின் தலை முன்பக்கத்தில் இருக்கும் பை வெடித்துத் திறக்கிறது. உள்ளே மறைந்திருந்த இசுமோ என்ற புரதம் அப்போதுதான் வெளியே தலைகாட்டுகிறது. 2005இல் அதைக் கண்டுபிடித்த ஜப்பானியர், தங்கள் நாட்டில் திருமண வரத்துக்குப் பேர்போன கோயிலின் பெயரைச் சூட்டினார்கள். முட்டையின் மேலிருந்து அதைப் பற்றிக்கொள்ளும் புரதத்தை 2014இல் இங்கிலாந்தில் கண்டவர்கள் ஜூனோ என்றார்கள். ரோமானியரின் திருமண தெய்வம். நம்மூர்க்காரர் முந்தியிருந்தால், ஐப்பசித் திருக்கல்யாணத்தை நினைத்து நெல்லையப்பர், காந்திமதி என்றே வைத்திருப்பார். ஒரு விந்தணு கலந்ததும் முட்டை ஒரு மணி நேரத்துக்குள் தன் ஜூனோவை உதிர்த்துவிடுகிறது. அடுத்து வருவதற்குப் பிடிமானம் இல்லை.

மருந்தகத்து நைட்ரஜன் கலனுக்கு வருவோம். மைனஸ் 196 டிகிரியில் கிடக்கும் உறைவிந்துக் குச்சி ஒவ்வொன்றிலும் கால் மில்லி. அதில் ஏறத்தாழ இரண்டு கோடி விந்தணு. ஊட்டி, ஓசூர், ஈச்சங்கோட்டை நிலையங்களில் காளைகளிடம் எடுத்து உறையவைத்தவை இப்படித்தான் ஊர் ஊராகப் போகின்றன. கூடவே கிளிசராலும் கோழி முட்டை மஞ்சள் கருவும் சேர்ந்திருக்கும். குளிரில் சவ்வு கிழியாமல் காப்பவை அவைதான். 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்துக் குச்சியை உருக்குகிறார்கள். மருத்துவர் இடது கையை ஆசனவாய் வழியே விட்டுக் கருப்பை வாயைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஊசிக் குழலை அதைத் தாண்டிச் செலுத்துகிறார்.

என்ன காப்பாற்றினாலும் உறைந்து உருகியதில் சவ்வு கொஞ்சம் கொலஸ்ட்ராலை இழந்துவிடும், கால்சியமும் கசிந்திருக்கும். அதாவது, மாட்டுக்குள் போகும் முன்பே விந்தணு பாதி தயாராகிவிட்டது. காளையோடு சேர்த்தால் உள்ளே ஒரு நாளுக்கு மேலும் தாக்குப்பிடிக்கும் விந்தணு, குச்சியிலிருந்து போனால் அவ்வளவு தாங்காது. காலையிலேயே ஊசி போட்டுவிட்டால் முட்டை வருவதற்குள் பெரும்பாலானவை ஓய்ந்துவிடும். ரொம்பப் பிந்தினாலோ முட்டை பழசாகியிருக்கும். இரண்டிலும் சினை நிற்பது கஷ்டம், இன்னொரு 21 நாள் தீனி தண்டம்.

எருமையிடம்தான் இந்தக் கணக்கு சறுக்குகிறது. அது பெரும்பாலும் கத்துவதில்லை, கோடையில் அறிகுறியே தெரியாமல் பருவம் கடந்துவிடும். அதற்கு ஹார்மோன் ஊசிகளை நாள் கணக்கில் போட்டு, முட்டை வெளிவரும் நேரத்தையே குறித்துக்கொண்டு கருவூட்டும் முறை வந்திருக்கிறது.