தேதி மறக்கும் கம்ப்யூட்டர்

டீயை ஆற்றிக்கொண்டே கேளுங்கள். பெரம்பலூர் உரக்கடையோ அரியலூர் ஜெராக்ஸ் கடையோ, காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் எஃப்1 அழுத்தச் சொல்லிக் கருப்புத் திரை நிற்கிறது. அழுத்தினால் தேதி 2005 ஜனவரி. இன்றைய அரியலூர் மாவட்டம் உருவானதே 2007 நவம்பரில். அந்தத் தேதியிட்ட பில்லை யார் ஏற்பார்கள்? ஜிஎஸ்டி தளமும் திறக்காது, ஏனென்றால் அதன் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று பிரவுசர் கணக்குப் போடும். உடனே வைரஸ், ஃபார்மட் என்பார்கள். வேண்டவே வேண்டாம்.

காரணம் பெரும்பாலும் தீர்ந்துபோன பேட்டரிதான். மதர்போர்டில் ஒரு ரூபாய் அளவில் ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032. 20 என்பது மில்லிமீட்டரில் விட்டம், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் கனம், 3 வோல்ட். நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தை எண்ணித்தான் உள்கடிகாரம் ஓடுகிறது. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் அதைப் பார்த்துக்கொள்ளும். ராத்திரி கடை சாத்தும்போது சுவிட்சை அணைக்கிறோம், இடி மின்னலென்றால் பிளக்கையே பிடுங்குகிறோம். நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் அந்த நேரமெல்லாம் தேய்வது இந்தப் பேட்டரிதான். கோடை விடுமுறை முழுக்கப் பூட்டிக் கிடந்த பள்ளிக் கம்ப்யூட்டர் ஜூனில் தேதி தப்பி எழுவது இதனால்தான்.

பேட்டரியை மாற்றுமுன், கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸ் திரையைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பேட்டரியை எடுத்தால் அந்த அமைப்புகள் அழிந்துபோகலாம். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியும் கையில் இருக்கட்டும். பிறகு பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி, மிச்ச மின்சாரத்தைத் தீர்த்துவிடுங்கள். பக்கத் தகட்டைத் திறந்தால் அரியலூரில் சிமெண்ட் தூசி படிந்திருக்கும். மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கேபினட்டின் வெறும் இரும்பைத் தொட்ட பிறகே உள்ளே கை வையுங்கள். பேட்டரியின் ஓரத்தில் சின்னக் கொக்கி இருக்கும். அதை நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் பேட்டரி தானே எழும்பும். நெம்பினால் பிடிப்பான் உடையும். புதியதை எழுத்தும் கூட்டல் குறியும் மேலே தெரிய அழுத்துங்கள், 'டக்'கென்று உட்காரும். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். சிஆர் 2025 என்று தந்தால் வாங்காதீர்கள், கனம் குறைவு. பயாஸில் தேதியைத் திருத்திச் சேமித்தால் வேலை முடிந்தது.

கழற்றிய பேட்டரியை மேசையில் போட்டுவைக்காதீர்கள். இருபுறமும் டேப் ஒட்டி மின்கழிவில் கொடுங்கள். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் வெந்து புண்ணாகிவிடும். சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.