அடித்தாரா, குடித்தாரா?

வயலில் பூச்சிமருந்து அடிக்கும்போது மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரியில் இறக்கியதும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பதற்றத்தில் கூட வந்தவர் ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டிவிட்டால், சீட்டில் விழுகிற ‘குடித்தார்’ என்ற அந்த ஒரு வரி குடும்பத்துக்கு வரவேண்டிய இழப்பீட்டையே முடக்கிவிடலாம்.

2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேர் வரை இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். செடிகள் வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருந்ததால், மெஷின் கக்கிய சாரல் முகத்துக்கு நேராகவே வந்தது. அவர்கள் மருந்து அடித்தவர்கள், குடித்தவர்கள் அல்லர்.

முகத்தைப் போலவே முதுகும் ஆபத்தான இடம். முதுகில் மாட்டிய 16 லிட்டர் டேங்கின் மூடியில் வாஷர் தேய்ந்திருக்கும், டியூப் சேருமிடத்தில் கசியும். சட்டை நனைந்தால் வியர்வை என்று நினைத்துக்கொண்டு அடித்துக்கொண்டே போவார்கள். டேங்குக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கும்போது நின்று சரிபார்க்க யாருக்கு மனம் வரும்? நாசில் அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதுகிறவர்களும் உண்டு. மருந்து கலக்குமுன் வெறும் தண்ணீர் ஊற்றி ஒருமுறை அடித்துப் பார்த்தாலே கசிவு தெரிந்துவிடும்.

கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்குவது, எச்சில் வழிவது, வாந்தி, மூச்சுத்திணறல் எல்லாம் பாஸ்பரஸ் வகை மருந்து உடம்பில் ஏறியதன் அறிகுறிகள். சட்டையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். எதை மாற்றுமருந்தாகக் கொடுப்பது என்று டாக்டருக்கு அந்த லேபிள் சொல்லும். கேள்வி வரும்போது, “வயலில் அடிக்கும்போது ஏறிவிட்டது” என்று தெளிவாகச் சொல்லி, அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

பூச்சிமருந்து தெளிக்கும் கூலியாளை 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தன் அட்டவணையிலேயே சேர்த்திருந்தது. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதை விடவில்லை. ஒருநாள் கூலிதானே என்று நிலத்துக்காரர் கைகழுவ முடியாது. இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். மருந்தைக் கையாள்பவருக்குப் பாதுகாப்பு உடை வேண்டும் என்று 1971-இன் பூச்சிக்கொல்லி விதிகளும் சொல்கின்றன. அந்த உடையை நம் வெயிலில் போட்டுக்கொண்டு நிற்க முடியுமா என்பது வேறு விஷயம். அதற்காகத்தான் காலை வேளையிலேயே அடித்து முடிக்கச் சொல்கிறார்கள்.

சொந்த நிலத்தில் தானே அடிப்பவருக்கு முதலாளி யாருமில்லை. மெஷின் பழுதாக வந்திருந்தால் அவர் நுகர்வோர் சட்டப்படி கேட்கலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், விலையாகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமே இல்லை. இதற்கும் கெடு இரண்டு ஆண்டுகள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். ஒழுகிய மெஷினை அவசரப்பட்டு ரிப்பேருக்குக் கொடுத்துவிடாதீர்கள், வழக்கில் அதுவும் சாட்சி.