ஒரு பனியனில் மாநிலத்தின் பங்கு எவ்வளவு?

திருப்பூரிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதியாகிறது. மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் தொகை இது. ஆனால் தமிழ்நாட்டின் தொழில் உற்பத்தியைப் புள்ளியியல் துறையினர் கணக்கிடும்போது இந்த 40,000 கோடி அப்படியே ஏறுவதில்லை. அது விற்பனைத் தொகை. ஏட்டில் ஏறுவது, இங்கே நடந்த வேலையால் கூடிய மதிப்பு மட்டுமே.

ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பேச்சுக்கு அதன் விலை 200 ரூபாய். நூல் வாங்க 90, சாயமேற்ற 20, பிரிண்டிங்குக்கு 15, லேபிள், அட்டைப்பெட்டி, மின்சாரம் எல்லாம் சேர்த்து 25. இந்த 150 போக மிஞ்சும் 50 ரூபாய்தான் பனியன் கம்பெனி கூட்டிய மதிப்பு. டெய்லரின் பீஸ் ரேட், வங்கி வட்டி, மெஷின் தேய்மானம், முதலாளியின் லாபம் எல்லாம் அந்த ஐம்பதுக்குள் அடக்கம். நூற்பாலையும் சாயப்பட்டறையும் கூட்டிய மதிப்பு அவரவர் பெயரில் தனியே ஏறும். அப்படிப் பிரிக்காமல் எல்லோருடைய விற்பனையையும் கூட்டினால் ஒரே நூல் இரண்டு முறை கணக்கில் வந்துவிடும். நூலுக்கான பஞ்சு குஜராத்தில் விளைந்திருந்தால் அதன் மதிப்பு குஜராத்தின் வேளாண்மைக்குப் போகும்.

இந்தக் கணக்குக்கு அடித்தளம், தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்தும் வருடாந்திரத் தொழில் கணக்கெடுப்பு. மின்சாரம் பயன்படுத்தி 10 பேரோ அதற்கு மேலோ, மின்சாரம் இல்லாமல் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பதிவுபெற்ற தொழிற்சாலைகள் 2023-24 கணக்கெடுப்பு வரை இதில் வந்தன. பெரிய ஆலைகள் அனைத்தும், சிறியவற்றில் மாதிரிக்குச் சிலவும் விவரம் தர வேண்டும். ஆட்கள், சம்பளம், வாங்கிய சரக்கு, எரித்த மின்சாரம், ஆண்டின் முதல் நாளும் கடைசி நாளும் கிடங்கில் இருந்த இருப்பு என்று படிவம் நீள்கிறது.

பல மாநிலங்களில் ஆலை வைத்திருக்கும் நிறுவனங்கள் வேறொரு சிக்கல். அசோக் லேலண்டின் தலைமையகம் சென்னையில். லாரிகளோ ஓசூர், எண்ணூரோடு உத்தராகண்டின் பந்த்நகரிலும் மகாராஷ்டிரத்தின் பண்டாராவிலும் உருவாகின்றன. நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கு ஒன்றுதான். பந்த்நகரில் கூடிய மதிப்பு உத்தராகண்டுக்குச் சேர வேண்டும். அதனால் நிறுவனங்களின் கணக்கிலிருந்து முதலில் நாடு முழுவதற்குமான மதிப்பை எடுத்து, பிறகு தொழில் கணக்கெடுப்பு காட்டும் விகிதத்தில் மாநிலங்களுக்குப் பங்கிடும் முறை 2011-12 அடிப்படை ஆண்டோடு வந்தது.

2023-24 கணக்கெடுப்பில் ஆலைத் தொழிலில் வேலை செய்வோரில் 15 சதவீதம் பேர் தமிழ்நாட்டில். இதில் நாட்டிலேயே முதலிடம். கூடிய மதிப்பிலோ மகாராஷ்டிரம் 16, குஜராத் 14, தமிழ்நாடு 10 சதவீதம். இதைப் பார்த்துவிட்டு நம் தொழிலாளி சளைத்தவர் என்று நினைப்பது பெரும் தவறு. குஜராத்தின் ஜாம்நகர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் குறைந்த ஆட்களை வைத்துப் பிரம்மாண்டமான இயந்திரங்கள் மதிப்பைக் குவிக்கின்றன. தையலும் தோலும் ஏராளமான கைகளுக்கு வேலை கொடுக்கும் தொழில்கள். வீட்டுக்கு வீடு சம்பளம் போய்ச் சேரும் அந்த அகலத்துக்கு மதிப்புப் பட்டியலில் இடமில்லை.

காலதாமதமும் உண்டு. கணக்கெடுப்பின் முடிவு வர ஓராண்டுக்கு மேல் ஆகிறது. அதுவரை கையில் கிடைக்கும் குறியீடுகளை வைத்து மதிப்பிட்டு, பிறகு திருத்துகிறார்கள். 2024-25இல் தமிழ்நாட்டின் ஒட்டுமொத்தப் பொருளாதார வளர்ச்சி முதலில் 9.69 சதவீதம் என்று வந்தது. சில மாதங்களில் அதுவே 11.19 ஆனது. முதல் எண்ணை வைத்து வெற்றியோ தோல்வியோ அறிவிக்க அவசரப்படக் கூடாது.

எல்லாவற்றிலும் கடினம், திருப்பூர்ச் சந்துகளில் ஓடும் பவர் டேபிள்களை எண்ணுவது. வாடகை ஷெட்டில் ஆறு தையல் மெஷின், ஜாப் ஒர்க்குக்கு வரும் வெட்டிய துணி, சனிக்கிழமை கூலி. வருடாந்திரத் தொழில் கணக்கெடுப்பின் வரம்புக்குள் வராத இவர்களை, கம்பெனியாகப் பதிவாகாத நிறுவனங்களுக்கான தனி மாதிரிக் கணக்கெடுப்புதான் தேடிப் போகிறது. ஏடு எழுதாத உரிமையாளரிடம் போன மாத வரவையும் செலவையும் வாய்வழியாகக் கேட்டே எழுத வேண்டும். கூலியை மட்டும் பெறுவதால் துணியின் விலை அவர் கணக்கில் சேராது. ஆர்டர் குறைந்த மாதத்தில் போய்க் கேட்டால் படமே மாறிவிடும்.

2025 முதல் இந்தக் கணக்கெடுப்புக்கான மாதிரி மாவட்ட வாரியாக எடுக்கப்படுகிறது. மாநில அரசும் தன் பங்குக்குக் கூடுதல் மாதிரிகளைச் சேர்த்தால், திருப்பூர் மாவட்டத்துச் சிறு பட்டறைகள் உண்டாக்கும் மதிப்பை நம்பகமாகத் தனியே சொல்ல முடியும். மின்கட்டணச் சலுகையோ கடனுதவியோ கேட்டு அவர்கள் கோட்டைக்குப் போகும்போது கையில் வைத்துப் பேச ஓர் எண் இருக்கும்.